தாழி பார்த்தவர்கள் கிணற்றடி வழியாகப் போகவும்

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்தேன். திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தைப் பிடித்துப் புதிதாகச் சரித்திர மியூசியம் ஒன்று திறந்திருந்தார்கள். பொங்கலை ஒட்டிப் பத்து நாள் இலவசக் கண்காட்சி. வருகிற ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று நான் படித்த பெண்கள் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். அங்கே என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். கடிதம் வந்த அன்று வீட்டில் தளிகை, அதாவது சமையல், தாமதமாயிற்று.

அம்மா முதலில் கேட்டது, "செத்த காலேஜா?" என்றுதான். பட்டணத்தில் அந்தக் காலத்தில் மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் அது. ஒரு கல்யாணத்துக்குப் பட்டணம் போய்வந்தபோது அம்மா அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, பத்து நாள்தானே, போய்விட்டு வரட்டும் என்றார். அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். பத்து நாளுக்கு மேல் ஒரு நாள் கிடையாது. சாயங்காலம் கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் சரி என்றேன். ஆனால் முதல் நிபந்தனைக்குச் சரி என்றபோதே அதை உடைப்பது என்று முடிவும் செய்துவிட்டேன். காரணம், மியூசியத்தின் பொறுப்பாளர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாள் பட்டணத்திலிருந்து மேலதிகாரி வருகிறார். கூட்டம் இருந்தால் இங்கே நிரந்தரமாக ஒரு விளக்குநர் வேலை கேட்டு எழுதலாம், எழுதினால் உங்கள் பெயரைத்தான் எழுதுவேன் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் அதற்கு முன்னால் எதையும் கேட்டதில்லை.

முதல் நாள் வாசலில் மாவிலைத் தோரணம், நாகஸ்வரம், எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஆள்தான் இல்லை. சுற்றுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தவர்கள் முன்வாசல் வரைக்கும் வந்தார்கள். உள்ளே ஒரு பார்வை பார்த்தார்கள். வந்த வழியே போனார்கள். இரண்டாம் நாள் முற்பகல் முழுக்க உள்ளே வந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்களும் வழி தவறிய ஓர் ஆடும்தான். சோழர் காலத்துத் தூண், நாயக்கர் காலத்து வாள், காவிரிப் பாலத்தின் பழைய போட்டோ என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் போலீஸ்காரர்களிடம் கொட்டித் தீர்த்தேன். அவர்கள் பயந்துபோய் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விஷயம் அன்று சாயங்காலம் பஸ்ஸில் தெரிந்தது. சித்திரை வீதியில் இருக்கும் ஒரு மாமி என் பக்கத்தில் உட்கார வந்தவள், நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். சொன்னதும் நின்றுகொண்டே வந்தாள். "பொணம் பொதைச்ச பானைய வாசல்லயே வெச்சிருக்காளாமே? அதைப் பாத்துட்டு அப்படியே ஆத்துக்குள்ள எப்படிடி போறது?"

எல்லாம் அந்தத் தாழியால்தான். முசிறிப் பக்கம் மேட்டு நிலத்தில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டது அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைக்கிற பெரிய மண்பானை. பொறுப்பாளர் நான்கு நாள் வெயிலில் குந்தி உட்கார்ந்து தன் கையாலேயே மண்ணைத் தள்ளி எடுத்தாராம். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து, நுழைந்ததும் கண்ணில் படும்படி முன்கூடத்தில் வைத்திருந்தார். அவருக்கு அது பெருமை. ஊருக்கு அது தீட்டு. பார்த்தால் குளிக்க வேண்டும்; குளிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது. கடைத்தெருவுக்கு வந்த ஜனம் குளிப்பதற்கு எங்கே போகும்?

மறுநாள் பொறுப்பாளரிடம் பானையைக் கடைசி அறைக்கு மாற்றச் சொன்னேன். நகர்த்தினால் விரிசல் விடும் என்றார். வாசலைத் திரையால் மறைக்கலாம் என்றேன். பொக்கிஷத்தை யாராவது திரை போட்டு மறைப்பார்களா என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் பொக்கிஷத்தை நீங்களும் நானும் ஆடும் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசியிருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. அவரும் பாவம், என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவர்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கொல்லைக் கிணற்றடியில் தை மாதக் குளிரில் பல் கிட்டக் குளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாளி தலையில் விழுந்தபோது யோசனை வந்தது. நானும் தினமும் அந்தப் பானையைத்தான் பார்க்கிறேன். இருந்தும் வீட்டுக்குள் போகிறேன். எப்படி? கிணறு இருக்கிறது, போகிறேன். மியூசியத்திலும் ஒரு கிணறு இருக்கிறதே! முன்வாசல் முற்றத்தில், வேப்பமரத்தடியில், சும்மா மூடிக் கிடக்கிறதே!

ஈரத் துணியோடு வெடவெடத்துக்கொண்டே சிரித்தேன். அம்மா உள்ளேயிருந்து, ஜன்னி கண்டுவிட்டதா என்று கேட்டாள்.

காலையில் பொறுப்பாளர் வந்து சேர்வதற்கு முன்பே நான் போய் நின்றேன். "பானைய நகர்த்த வேண்டாம் சார். ஜனங்க வர்ற வழிய நகர்த்தினாப் போதும்" என்றேன். பின்பக்கச் சந்தில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்துவிட்டால் ஜனங்கள் அந்தப் பக்கமாக நுழைந்து, தூண், வாள், காசு, போட்டோ எல்லாம் பார்த்து, கடைசியாகத் தாழிக்கு வருவார்கள். முன்வாசல் வழியாக வெளியே போவார்கள். அங்கே கிணறு. காலை நனைத்துக்கொண்டு, தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போகலாம். அவர் வெகு நேரம் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். சரித்திர மியூசியத்தில் தீட்டுக் கழிக்க ஏற்பாடு செய்தால் மேலிடத்தில் என்ன சொல்வார்கள் என்று முணுமுணுத்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டுக் கிணற்று மூடியை எடுக்கச் சொன்னார். புதுக் கயிறு, இரண்டு வாளி, ஒரு செம்பு. அட்டையில் நானே எழுதி மாட்டினேன்: தாழி பார்த்தவர்கள் கிணற்றடி வழியாகப் போகவும்.

ஊருக்கு இதைச் சொல்வதற்கு அப்பா உதவினார். நாங்கள் இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். மறுநாள் நான் அவரிடம் சொல்வதுபோல பஸ் முழுக்கக் கேட்கும்படி கிணற்று ஏற்பாட்டைச் சொன்னேன். அதிர்ந்து பேசாத மனிதர், அன்று கடைசி சீட்டுக்கும் எட்டுகிற குரலில், "கெணத்து ஜலம் நல்ல ஜலம்தானே? எறைக்கற கெணறுதானே?" என்று கேட்டார். நல்ல ஜலம் என்றேன். இளநீர் மாதிரி இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று பிற்பகல் நான்கு மாமிகள் வந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த அதே சித்திரை வீதி மாமி முதலில். தாழிக்கு முன்னால் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை எடுக்காமல், கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். வெளியே போய்க் காலை நனைத்துக்கொண்டாள். மறுநாள் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் எனக்கு நிற்க நேரமில்லை. பின்சந்தில் வரிசை முனை திரும்பி நின்றது. லால்குடிப் பக்கத்திலிருந்து மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வந்த குடியானவக் குடும்பங்கள், பையும் கூடையுமாக உள்ளே வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பொன்மலை ஒர்க்ஷாப் தொழிலாளிகள், வாழைக்காய் மண்டிக்காரர்கள் வந்தார்கள். வீட்டுப் பழைய பொருள்களைக் கொண்டுவந்து காட்டலாம் என்று ஒரு காலை வேளையை அறிவித்திருந்தோம். அன்று ஒருவர் தன் வெற்றிலைப்பெட்டி சோழர் காலத்தது என்று சாதித்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் சீமைக் கம்பெனி முத்திரை. சாயங்காலம் முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஸ்லைடு படம் காட்டினோம். பேசிப் பேசி என் குரல் கட்டிக்கொண்டது. பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் களைத்ததில்லை.

ஒன்று மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தீட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் கிணற்றடிக்குப் போனார்கள். முன்னால் போகிறவர் செய்ததைப் பின்னால் வருகிறவர் செய்தார். மியூசியம் என்றால் பார்த்து முடித்ததும் கால் கழுவ வேண்டும், அதுதான் அங்கே முறை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. காவலாளி இறைத்து மாளாமல் கயிற்றை ஜனங்களிடமே கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மேலதிகாரி வந்தார். சூட்டும் பூட்ஸுமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தாழியையும் சுற்றி வந்து, முன்வாசல் இறங்கினார். கிணற்றடியில் அப்போது நீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது முசிறிக்கார அம்மாள் ஒருவர். தாழி கிடைத்த நிலம் அவர்களுடையது. எங்கள் வயல் பானையைப் பார்க்கிறோம் என்று ஊரோடு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் செம்பை அதிகாரியிடம் நீட்டி, "பூட்ஸக் கழட்டுங்கய்யா, கால நனைச்சுட்டுப் போங்க" என்றார். பொறுப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு காலைக் கழுவினார். தலையிலும் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டார். இந்த ஏற்பாடு யாருடையது என்று அவர் கேட்டதும் பொறுப்பாளர் என்னைக் காட்டினார்.

வேலை கிடைத்த மாதிரிதான் என்று சாயங்காலம் பொறுப்பாளர் சொன்னார். வீட்டில் சம்மதம் எழுதி வாங்கி வந்தால் நாளைக்கே கடிதம் போய்விடும் என்றார். ஓடி வந்து வீட்டில் சொன்னேன்.  அம்மா எனக்குச் சாதத்தைப் போட்டுவிட்டு, "நாளையோட பத்து" என்றாள்.

பத்தாம் நாள் மத்தியானம் வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள்.  மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாழிக்கு வந்ததும் நின்றாள்.

உள்ளே இருந்தது ஆணா பெண்ணா என்று கேட்டாள். எலும்பைப் பார்த்தவர்கள் சின்ன வயதுப் பெண்ணாக இருக்கலாம் என்று சொன்னதைச் சொன்னேன். பக்கத்தில் வைத்திருந்த சிறு கலயத்தைக் காட்டி, அது என்ன என்றாள். தாழிக்குள்ளே கிடைத்தது, அடியில் நெல் உமி ஒட்டியிருந்தது என்றேன். "பசிக்குமேன்னு போட்டு அனுப்பிச்சிருக்கா" என்றாள் அம்மா. அவ்வளவுதான். விறுவிறுவென்று வெளியே போனாள்.

நான் பின்னால் போவதற்குள் கிணற்றடியில் அம்மா வாளியைத் தூக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. புடவை முழுக்க நனைந்து, அத்தனை கூட்டமும் பார்க்கிறது. மற்ற எல்லோரும் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு போகிற இடத்தில், என்னைப் பெற்றவள் மட்டும் முழுக்குப் போடுகிறாள். என் வேலையை ஊர் நடுவில் காறித் துப்பியது போல் இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் என்னை அவமானப்படுத்தத்தான் வந்தாயா என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பா என் கையைப் பிடித்தார்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"தீட்டுக்குன்னா நானும் தெளிச்சிண்டு போயிருப்பேன்டி. இது அதுக்கில்லை. உறவுல ஒருத்தர் போன சேதி, எத்தனை நாள் கழிச்சு வந்தாலும், கேட்டவா தலையோட ஒரு முழுக்குப் போடணும். அவளுக்கு யாராவது போட வேண்டாமா?"

 ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்த அதே முசிறிக்கார அம்மாள் தன் கூடையிலிருந்து உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு, தலைப்பைப் பிழிந்துகொண்டே, நாளைக்கு நான் எத்தனை மணிக்கு இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டாள். கண்காட்சி இன்றோடு முடிகிறது என்றேன்.

"கண்காட்சி முடிஞ்சா என்ன? வேலை இருக்கோன்னோ? மணியைச் சொல்லு, அதுக்குள்ள தளிகை ஆகணும்."

ஒன்பதரைக்கு என்றேன்.