பிட்ஸ்பர்க் சம்மதிக்கவில்லை

லெமுவேல் பாரோவுக்கு எழுபது வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உருக்காலைக்குள் நுழைந்தவர். ஆலையை மூடியதும் பிட்ஸ்பர்க் ஹாமர்ஸ் கூடைப்பந்து அணிக்கு பஸ் ஓட்டினார். போன ஊரிலெல்லாம் வண்டியில் படுத்துத் தூங்காமல் உள்ளே போய் ஆட்டம் பார்த்தார். எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று அவர் சொன்னது பலிக்கப் பலிக்க, பஸ் சாவியை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுத்தார்கள். இப்போது அணிக்கு ஆட்களை வாங்குவதும் மாற்றுவதும் அவர்தான். மற்ற அணிகளில் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். அதை வாரம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிக் காட்டாவிட்டால் லெமுக்குச் சோறு இறங்காது.

“லூசியானாவுல ஒரு சர்ச்சுக் கொட்டகையில டுப்ரேயைக் கண்டுபிடிச்சது எவன்? நான். கோப்பை வந்தது எதனால? இந்த ரெண்டு கண்ணால.”

பொய்யில்லை. கோப்பை வந்தது. ஆனால் வந்து ஆறு வருஷமாகிவிட்டது. அதை வாங்கித் தந்த மார்செல் டுப்ரேக்கு இப்போது முப்பத்தாறு வயது. ஆட்டம் முடிந்தால் இரண்டு முழங்காலிலும் ஐஸ் கட்டிக்கொண்டுதான் நடக்கிறான். முதலாளி ப்ரெஸ்டன் ஆஷ்பிக்கோ அந்தக் கோப்பையின் ருசி நாக்கை விட்டுப் போகவே இல்லை. வருஷா வருஷம் பேர் போன ஆட்டக்காரன் இன்னொருவன் வேண்டும் என்பார். அப்படி ஒருவனைக் கொண்டுவர, ஜூன் மாதம் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமையை எதிர் அணிக்குத் தாரை வார்க்க வேண்டும். வார்த்து வார்த்து, மிச்சமிருந்தது இந்த ஜூன் உரிமை ஒன்றுதான். அணி தோற்றுக்கொண்டே வந்ததால் அதற்கு இந்த வருஷம் மவுசு அதிகம். தோற்கிறவனுக்குத்தான் நல்ல பையன் முதலில் கிடைப்பான்.

பிப்ரவரி மாதம், ஆள் மாற்றத்துக்குக் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவு அடைத்துவிடும். டுப்ரேயைக் கொடுத்துப் பேர் போன ஒருவனை வாங்கச் சொல்லி முதலாளி நச்சரித்ததால், காலையிலிருந்து லெம் தொலைபேசியும் கையுமாக இருந்தார். எல்லா ஊரிலிருந்தும் ஒரே பாட்டு.

“டுப்ரேயா? ஐயோ, வேணாம் லெம். அந்த ஜூன் உரிமையையும் சேர்த்துத் தர்றதா இருந்தா பேசு.”

“உரிமையும் வேணும், என் தலையும் வேணுமா? வையிடா போனை!”

வேறு வழியுமில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் ஏறக்குறைய சரியாக இருந்தால்தான் எல்லா அணிகளுக்கும் மேலே இருக்கிற சங்கம் மாற்ற விடும். பெரிய சம்பளக்காரக் கிழவனைக் கொடுத்தால் இன்னொரு பெரிய சம்பளக்காரக் கிழவன்தான் வருவான். லெம் போட்டிருந்த திட்டம் வேறு. டுப்ரேயின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அதுவரை இருந்துவிட்டால் அந்தச் சம்பளமும் விடுபடும், புதுப் பையனும் வருவான்.

இரண்டு மணிக்கு ஆஷ்பி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

“லெம், முடிச்சுட்டேன்! சான் டியாகோ முதலாளிகிட்ட நானே பேசிட்டேன். டுப்ரேயும் ஜூன் உரிமையும் அவங்களுக்கு. கீனன் ரோல் நமக்கு.”

“ரோலுக்கு முப்பத்தஞ்சு வயசு சார். போன மாசம் அவன் படி ஏறினதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினான்.”

“பேரு இருக்குல்ல? டிக்கெட் பறக்கும்.”

“ஆட்டமெல்லாம் முடியுற ஏப்ரல் வரைக்கும் பறக்கும். அப்புறம் அஞ்சு வருஷம் ஈ ஓட்டணும்.”

“அணி என்னோடது லெம்.”

“அணி உங்களோடது. ஊரு என்னோடது.”

ஆஷ்பியின் சிரிப்பு போய்விட்டது. “சங்கத்துக்குப் போன் போட்டுச் சம்மதம் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலி இருக்கும், நீங்க இருக்கமாட்டீங்க.”

“போன் போடுறேன்,” என்றார் லெம்.

முதலாளிகள் எவ்வளவு கை குலுக்கினாலும் மாற்றம் ஆகிவிடாது. சங்கத்து வக்கீல் தொலைபேசியில் நிபந்தனைகளை வாசிப்பார். இரண்டு அணியிலும் பதிவு செய்த ஆள் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க்குக்குப் பதிவான குரல் லெமுடையது ஒன்றுதான். கடைசி நாள் நெரிசலில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து முறை வந்தபோது மணி இரண்டே முக்காலைத் தாண்டியிருந்தது. வக்கீல் அம்மா ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“சான் டியாகோ, சம்மதமா?”

“சம்மதம்.”

“பிட்ஸ்பர்க், சம்மதமா?”

லெம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமில்லை அது.

“இல்லை.”

“மிஸ்டர் பாரோ, சரியாக் கேக்கலை.”

“நல்லாவே கேட்டுச்சும்மா. இல்லை. எழுதிக்கோங்க.”

ஆஷ்பி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, “நான் முதலாளி பேசுறேன், சம்மதம், சம்மதம்!” என்று தொலைபேசியைப் பிடுங்கிக் கத்தினார். பதிவில்லாத குரலை ஏற்க முடியாது, பதிவான ஆளை மாற்ற வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார் அந்த அம்மா. கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்குள் மூன்று அடித்துவிட்டது.

“போயிடுங்க,” என்றார் ஆஷ்பி.

“போறேன். வர்றவன்கிட்ட சொல்லுங்க, ஜூன் உரிமை இங்கேயே இருக்கு, லெம் பாரோ விட்டுட்டுப் போனதுன்னு.”

வெளியே டுப்ரே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தான்.

“என்ன கிழவா, என்னைச் சான் டியாகோ கடற்கரைக்கு அனுப்புறேன்னாங்க?”

“யாருடா கிழவன்? உன்னை எவனும் சும்மா வாங்கமாட்டேங்கிறான். போய் உடுப்பை மாட்டு, சாயங்காலம் ஆட்டம் இருக்கு.”

டுப்ரே வாய்விட்டுச் சிரித்தான். எழுந்திருக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. லெம் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் லெம் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக்கொண்டு உச்சி வரிசைக்கு ஏறினார். கைப்பிடியைத் தொடவில்லை. சேதி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. அணி படுதோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழ்வரிசைக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டான்.

“யோவ் லெம்! ரோல் வந்திருப்பான்யா! உன்னாலதான்யா தோக்குறோம்!”

சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். லெம் எழுந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் முகம் தெரியும்படி நின்றார்.

“ஆமா, என்னாலதான்! நல்லாப் பாத்துக்கோ! ஜூன் மாசம் அந்தப் புதுப் பையன் வந்து இறங்குறப்பவும் இதையே சொல்லணும். என்னாலதான்னு!”

ஊளை அடங்கவில்லை. அவரும் உட்காரவில்லை.