விளங்காத வாழ்த்துப்பா

நேற்று ஒரு தம்பி தன் கட்டுரையைத் திருத்தித் தரும்படி அனுப்பியிருந்தார். முதல் வரியிலேயே ‘ஈண்டு’. அடுத்ததில் ‘யாண்டும்’. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. ‘இங்கே’ என்று எழுதக் கூச்சப்படுகிறவர் எதையோ ஒளிக்கிறார். இந்தப் பொல்லாத குணம் வாப்பாவிடமிருந்து வந்தது. மாடு வாங்கி விற்ற மனிதர் அவர். விற்பவன் அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால் இன்னொரு தடவை பல்லைப் பிடித்துப் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைக்குடியில் எங்கள் மூத்த சகோதரியான ராத்தாவுக்குக் கலியாணம். அந்த நாளில் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் வாழ்த்துப்பா அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சபையில் வாசித்துக் கொடுப்பார்கள். நிக்காஹ் முடிந்த பிறகுதான் வாசிப்பது வழக்கம். நிக்காஹ் ஓதிவைக்கும் லெப்பை வரப் பிந்தியதால், மாப்பிள்ளையின் கூட்டாளியான வாத்தியார் ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழும்பிவிட்டார். ‘ஏந்திழை’ என்றார், ‘மடந்தை’ என்றார், வரிக்கு வரி ‘மாதோ’ என்றார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முதலில் கை தட்டியது நான்தான். படித்தவன் என்று காட்ட வேண்டாமா?

லெப்பை வந்தார். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ராத்தாவை மணமுடித்துக் கொடுக்க வேண்டும். அவர் கையை நீட்டவில்லை. வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, மாதோ எண்டா என்ன?”

“அதுக்குக் கருத்தில்ல மாமா. பாட்டுல சும்மா வாற சொல்லு.”

“கருத்தில்லாத சொல்ல என்னத்துக்கு என்ட ஊட்டுக்குக் கொண்டு வந்தீங்க? இவரப் பத்தி என்னத்த மறைக்கிறீங்க?”

கதவுக்குப் பின்னால் உம்மா விசும்புவது கேட்டது. ராத்தாவின் கலியாணம் குழம்பிவிட்டது என்றே பயந்தேன்.

“விளங்கிற மாதிரிச் சொல்லுங்க. ஆள் எப்படி?” என்றார் வாப்பா.

வாத்தியார் சட்டத்தைக் கீழே வைத்தார். “கோவக்காரன் மாமா. ஆனா இவன்ட உம்மா பாயில கிடந்தப்ப ஆக்கிக் குடுத்தது, பீங்கான் கழுவினது எல்லாம் இவன்தான்.”

மாப்பிள்ளை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓம், இதத்தானே முதல்ல சொல்லியிருக்கணும்,” என்று வாப்பா கையை நீட்டினார்.

கண்ணாடிச் சட்ட வாழ்த்துப்பாக்கள் இப்போது கலியாண வீடுகளில் இல்லை. அதற்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. என் கவலை வேறு. எண்பதுகள் முடியுமுன் வாப்பா மவுத்தானார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய சபையில், அதே வீட்டில், ஒருவர் அவருக்கு இரங்கற்பா வாசித்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ‘ஆள் எப்படி, அதைச் சொல்லுங்கள்’ என்று எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே மனிதரைத்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோமே.