லாரி நாற்பத்தொண்ணு, தாண்டலாமா?

எங்கள் கடலோர ஊரான பஸ்ஸல்டனிலிருந்து வடக்கே சுரங்கத்துக்குப் போகும் விமானம், விடிவதற்குச் சற்று முன் எங்கள் கூரைக்கு மேலாகப் போகும். அதில் இருப்பவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். கீழே படுக்கையில் கிடக்கும் நாங்களும் அப்படித்தான். என் கணவர் டகல் பதினேழு வருடம் அதில் போய்வந்தார். எட்டு நாள் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் லாரி ஓட்டுவார், ஆறு நாள் வீட்டில் இருப்பார். போன ஜூனில் கணையப் புற்றுநோயில் இறந்துபோனார். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் என் கை பக்கத்துத் தலையணையைத் தடவுகிறது. போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று கைக்கு ஓர் எண்ணம்.

"பதினாலு நாள்ல ஆறு நாள் லீவு! குடுத்து வச்சவன்டா நீ" என்பார் டகலிடம், பக்கத்து வீட்டு காலின். வேலிக்கு மேல் அவர் தலை மட்டும் தெரியும்.

"மாத்திக்கலாமா? நீ லாரி ஓட்டு. நான் உன் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துறேன்."

"ஐயோ, என் பொண்டாட்டி சமையல் இல்லாம எட்டு நாளா?"

"அதான் உன் வயித்தைப் பாத்தாலே தெரியுதே."

வாயால் கிண்டல் செய்தாலும் டகலும் காலினைப் போலத்தான் நினைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய நாட்காட்டியில் எட்டு நாளுக்குச் சிவப்பு, ஆறு நாளுக்குப் பச்சை. சிவப்பு வேலைக்கு, பச்சை எங்களுக்கு. ஒன்று இன்னொன்றின் மேல் வழியக் கூடாது. செம்மண் ஏறிய பூட்ஸும் ஆரஞ்சுச் சட்டையும் தோட்டத்துக் கொட்டகையோடு நின்றுவிட வேண்டும். வீட்டில் சுரங்கப் பேச்சே கிடையாது. நானும் அதை நல்ல ஏற்பாடு என்றுதான் நம்பினேன். என் பங்குக்கு, சிவப்பு நாட்களில் வீட்டுக் கஷ்டம் எதையும் போனில் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவர் மனதில் மகளின் காய்ச்சல் எதற்கு? சுரங்கத்துக்குப் போகிறவர்களின் மனைவிகள் பலரும் செய்வதுதான். கெட்ட செய்தியைப் பொத்தி வைத்திருந்து, அது ஆறிப்போன பிறகு பச்சை நாளில் சொல்வோம்.

பச்சை நாட்களில் ஒரு மணி நேரத்தைக்கூட அவர் வீணாக்க மாட்டார். முதல் நாள் கடல்பாலத்தில் மீன்பிடிப்பு, இரண்டாம் நாள் பான்கேக், மூன்றாம் நாள் சைக்கிள். தூக்கம் இமையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் படுக்க மாட்டார். தூங்கினால் எங்கள் நாளைத் திருடியதாகிவிடும் என்று பயம். அந்த ஆறு நாளும் நாங்கள் மூவரும் நீருக்கடியில் நடப்பவர்கள் போல மெதுவாக, சிரித்த முகத்தோடு, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தோம்.

எங்கள் மகள் ஐலாவுக்கு அப்போது ஏழு வயது. ஒரு பச்சை நாள் காலையில், குளிக்கப் போன அப்பாவுக்கு அவளே துண்டு எடுத்துக் கொடுத்தாள். நீலத் துண்டு. யாராவது வெளியூரிலிருந்து வந்து தங்கினால் கொடுப்பதற்காக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பது. நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

"கொக்கியில துண்டு இருக்கே, செல்லம்."

"அதெல்லாம் அம்மாவோடதும் என்னோடதும். வீட்டுக்கு வர்றவங்களுக்கு இதுதான்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் பூட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தேடிப் போனேன்.

"அவளுக்கு நான் யாரோ ஆயிட்டேன், மெரின். ஆறு நாளையும் முழுசா அவளுக்குத்தானே குடுக்குறேன்? இன்னும் என்ன பண்ணணும்?"

"வேலையை விட்டுடறியா?"

"விட்டுட்டு வந்து நின்னாலும் அந்த நீலத் துண்டைத்தான் குடுப்பா."



சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு வண்டியைத் தாண்ட வேண்டுமானால் வயர்லெஸ்ஸில் தன் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த வண்டிக்காரர் வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் நகரலாம். பதில் வரவில்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

அன்று மாலை டகல் சூடான தேநீரோடு சமையலறையிலிருந்து வந்தார். குறுகலான நடைவழியில் ஐலா குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாக அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"லாரி நாற்பத்தொண்ணு. உனக்குப் பின்னாடி நிக்கிறேன். தாண்டலாமா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன். முதல்முறையாகச் சுரங்கம் வீட்டுக்குள் வந்திருந்தது.

ஐலா தலையைத் தூக்கினாள். "யாரைக் கேக்குற?"

"உன்னைத்தான். நீ சரின்னு சொல்லாம நான் நகரக் கூடாது. அங்க அதான் சட்டம்."

"சொல்லலேன்னா?"

"நின்னுக்கிட்டே இருப்பேன்."

"சும்மா சொல்ற."

அவள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். வழி காலியாகக் கிடந்தது. அவர் நகரவில்லை. தேநீரில் ஆவி நின்றுபோயிற்று. சாயங்கால வெயில் தரையிலிருந்து சுவரேறி அவர் இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

"போதும் டகல், குடி. அவ எப்பவோ மறந்திருப்பா."

"பதில் வரலியே."

கண்கள் மூடியிருந்தன. நின்றபடியே தூங்குகிறாரோ என்று நினைத்தேன். ஐலா இரண்டு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குது."

"அங்கயும் இப்படித்தான் நிப்பியா?"

"அங்க உக்காந்துக்கிட்டே நிப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். "சரி. லாரி நாற்பத்தொண்ணு, வா."

அவள் மறுபடியும் நோட்டுக்கு முன்னால் வந்து படுத்தாள். அவர் போய் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்தார். அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். வண்டியில் ஏற வீட்டு மாடிப்படி மாதிரி ஒன்று உண்டு. இஞ்சினைக் கிளப்ப ஒரு ஹாரன், முன்னால் போக இரண்டு, பின்னால் போக மூன்று. மத்தியான வெக்கையில் சிவப்பு மலைகள் தரையை விட்டு எழும்பி மிதக்கும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். ஐலா அவர் மூக்கை மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். வண்டி பின்னால் போகவில்லை. எழுப்பாமல், அவர் முதுகின் மேல் நோட்டை வைத்து வரையத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு பச்சை நாட்களில் பாதியை அவர் தூங்கியே கழித்தார். ஐலா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாள். காய்ச்சலையும் சண்டையையும் நானும் சிவப்பு நாளிலேயே சொன்னேன். அவர் இன்னும் நிதானமாகத்தான் ஓட்டினார். நாட்காட்டியில் அதே எட்டு, அதே ஆறு. கொக்கியில் மூன்று துண்டுகள் தொங்கின.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நான் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தேன். நடைவழி காலியாக இருந்தது. என்னால் தாண்ட முடியவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து, பத்தொன்பது வயது ஐலாவின் குரல் அழுது கரகரத்து வந்தது.

"வாம்மா. தாண்டலாம்."