ஒரே பெயரில் இரண்டு கணினிகள்

நான் வேலை பார்த்த நிறுவனத்துக்குப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அலுவலகங்கள் இருந்தன. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்வோம். கற்பிட்டியில் அதைச் செய்தவர் என்னைவிட மூத்த ஒரு பெண். தாத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் பேச்சில் அது அக்கா. வீடு வீடாகப் போய் வயதானவர்களின் குரலைக் கருவியில் பதிந்து வந்து தன் கணினியில் சேர்த்துவிட்டு, அடுத்தவருக்காகக் கருவியைக் காலியாக்குவார். கணினிகளைப் பராமரிப்பது என் வேலை.

புத்தளத்தில் பழைய கணினிகள் சிலவற்றைப் பாடசாலை ஒன்றுக்குக் கொடுப்பதாக முடிவானது. அவற்றிலுள்ள கோப்புகளை மீட்க முடியாதபடி அழிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதினேன். அது இரண்டு அலுவலகங்களையும் இணைக்கும் வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணினியிடமும் பெயர் கேட்கும்; பெயர் என் பட்டியலில் இருந்தால் அழிக்கும். காலையில் ஓடவிட்டேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் தாத்தாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்ட கம்பியூட்டர்ல ஒண்டுமே இல்ல. என்ன நடந்த?"

பட்டியலில் 'பதிவு1' என்ற புத்தளக் கணினி இருந்தது. அவருடைய கணினிக்கும் அதே பெயர். இரண்டுக்கும் பெயர் வைத்தவன் நான்தான். கணினியின் முழுப்பெயரில் ஊரும் சேர்ந்து வரும். அதைக் கேட்டிருந்தால் எது புத்தளம், எது கற்பிட்டி என்று தெரிந்திருக்கும். பெயர் கேட்கும் கட்டளையில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் கூட்டினால் போதும், முழுப்பெயர் வந்திருக்கும். பிரதி எடுத்து வைக்கும் வட்டோ பழுதாகிக் கிடந்தது.

அன்றே பஸ் ஏறிக் கற்பிட்டிக்குப் போனேன்.

"நான்தான் அழிச்சன், தாத்தா."

அவர் ஏசவில்லை. பேசியவர்களை விரல்விட்டு எண்ணினார். "அதுல நாலு பேர் இப்ப மௌத்து" என்றார். இறந்தவர்களிடம் இனிக் கேட்க முடியாது.

மற்றவர்களிடம் இருவருமாகத் திரும்பப் போனோம். எத்தாளை என்ற ஊரில் ஒரு தாய், ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதுமே கையை அசைத்து மறுத்தார்.

"அண்டைக்கு எல்லாம் சொன்னன்தானே, மகள். பொறகு மூணு நாள் சோறு எறங்கல்ல. இன்னொருக்கா ஏலா."

"பிழை என்னுடையது, உம்மா" என்றேன்.

"நீங்க வேணுமெண்டு செய்யல்லதானே, மகன். எண்டாலும் எனக்கு ஏலா."

தேத்தண்ணீர் தந்துதான் அனுப்பினார்.

சிலர் சம்மதித்தார்கள். முன்பு ஒரு பகல் முழுக்கப் பேசிய முதியவர் இப்போது அரை மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டார். வடக்கிலிருந்து வரும் வழியில் விட்டுவந்த தம்பியின் பெயர் அவருக்கு வரவில்லை. தாத்தா தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஓம், அவன்தான்" என்றார் முதியவர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

வெளியே வந்ததும் தாத்தா சொன்னார்: "இனி நான் எடுத்துக் குடுக்கப்படாது, தம்பி. அப்பிடிக் குடுத்தா அது அவங்கட சாட்சி இல்ல."

அடுத்த வீட்டில், பெயர்கள் வராத இடங்களில் நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். கருவி ஓடிக்கொண்டிருந்தது.