ஆறு கோர், பத்து கோர், ஒன்றரை மணி நேரம்

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில் டெஸ்டிங் பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கு எந்தப் புராசசர், எந்த கிராபிக்ஸ் கார்டு பொருந்தும் என்று ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நன்றாக நடந்த நாட்கள் பலவற்றை யோசித்துப் பார்த்தேன். எதுவும் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றவில்லை. அதனால் நான் தப்பு செய்த ஒரு புதன்கிழமையை எழுதுகிறேன்.

1. ரெண்டு வேலை, ஒரே பெட்டி

மகப்பேறு விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மகளுக்குப் பதினோரு மாதம். செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே உள்ள க்ரெஷில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வருவேன். கிளம்பும்போது ஒரு பழக்கம் உண்டு. பாதி மாடிப்படி இறங்கிய பிறகு, கேஸை மூடினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி ஏறிப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் மூடித்தான் இருக்கும். "கேஸ் கம்பெனியில உனக்குச் சம்பளம் தரணும்" என்பார் என் கணவர்.

தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற அக்கா வந்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பகலில் ஆன்லைன் ஃபாரம், டிக்கெட், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற சென்டர் நடத்துகிறார். அதே இடத்தில் மாலையில் மணிக்கணக்குக்கு கேம் விளையாட விடப்போகிறார். அதற்காக ஆறு மெஷின் வேண்டும்.

"ஏ தாயி, எனக்கு இந்தக் கோரு கீரெல்லாம் தெரியாது" என்றார். "பகல்ல ஃபாரம் நெரப்ப வாரவுக காத்துக் கெடக்கக் கூடாது. சாயங்காலம் வெளையாட வாரவனுவ லேக் ஆவுதுன்னு எந்திரிச்சுப் போயிரக் கூடாது. லேக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. அவன் எந்திரிச்சா நாற்காலி காலின்னு மட்டும் தெரியும்."

அவருடைய பட்ஜெட்டில் இரண்டு புராசசர் வந்தன. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று ஆறு கோர், மற்றது பத்து கோர். கோர் என்பது புராசசருக்குள் தனியாக வேலை செய்கிற ஒரு பகுதி. கடையில் நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், ஆறு, பத்து என்றுதான் சொல்வோம். ஆறு கோரில் எல்லாக் கோரும் ஒரே வலு. கேம் நன்றாக ஓடும், சூடு குறைவு. பத்து கோரில் ஆறு பெரியது, நாலு சின்னது. ஒரே நேரத்தில் பல வேலை கொடுத்தால் சின்னவை பங்கு போட்டுக்கொள்ளும். கேமில் எது முந்தும் என்பதை ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

எங்கள் முதலாளி விஸ்வநாதன் சாரின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"வித்யா, புதன்கிழமை கார்த்தால அந்தம்மா வரா. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்கு முன்னாடி ஆர்டர் சொல்லணும்னு நிக்கறா. பதினொண்ணே முக்காலுக்கு எனக்கு டெஸ்ட் ஷீட் வேணும்."

"சரி சார்."

"சரின்னு சொல்றச்சேயே முகத்துல சந்தேகம் தெரியறதே."

2. டெஸ்ட் எப்படிச் செய்தேன்

ஒப்பிடும்போது ஒரே ஒரு பொருள்தான் மாற வேண்டும். மற்றவை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதனால் கேபினெட் இல்லாமல் மேஜைமேலேயே மாட்டுகிற ஓப்பன் பெஞ்ச் இரண்டு போட்டேன். போர்டு மட்டும் வேறு, ஏனென்றால் இரண்டுக்கும் சாக்கெட் வேறு. ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டு, அக்கா வாங்கப்போகிற அதே நடுத்தர மாடல். இதை மறக்காதீர்கள். கடையில் இருக்கிற பெரிய கார்டைப் போட்டு ஓட்டினால் புராசசர்களின் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வாங்குகிறவர் வீட்டில் அந்த வித்தியாசம் இருக்காது.

மூன்று கேம், ஒவ்வொன்றிலும் அதே காட்சி, நாலு முறை. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எஃப்.பி.எஸ். என்பது ஒரு நொடிக்குத் திரையில் வருகிற படங்களின் எண்ணிக்கை; அதன் சராசரியைவிட அடிமட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஆளை நாற்காலியிலிருந்து எழுப்புவது அதுதான்.

பகல் வேலைக்குத் தயாராகக் கிடைக்கிற பெஞ்ச்மார்க் எதுவும் எனக்குப் போதவில்லை. அதனால் அக்காவிடம் போனில் கேட்டு அவருடைய ஒரு நாளையே டெஸ்ட் ஆக்கினேன். பிரௌசரில் இருபது டேப், ஸ்கேனர் ஓடிக்கொண்டிருக்கும், நாற்பது பக்க பி.டி.எஃப்.ஐச் சுருக்க வேண்டும், போட்டோவை ஃபாரம் கேட்கிற அளவுக்குக் குறைக்க வேண்டும், பின்னால் பிரிண்ட் போய்க்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அசெம்ப்ளர் சந்தோஷ் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். "இதுக்குப் பேச்சியம்மா டெஸ்ட்னு பேர் வைம்மா" என்றார். கடையில் இன்றுவரை அதுதான் பெயர்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு கோர் முடிந்தது. புதன் காலை பத்து கோருக்கு ரேமை மாற்றி மாட்டினேன். புது போர்டில் ரேம் முதலில் தன் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள், அதாவது போர்டின் செட்டிங் திரைக்குள், போய் ரேமின் வேகப் புரொஃபைலை ஆன் செய்து, சேவ் செய்து வெளியே வந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். பயாஸைத் திறந்தேன். புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது போன் அடித்தது. க்ரெஷ்.

"டென்ஷன் மத் லேனா", கவலைப்படாதே, என்றார் க்ரெஷ் நடத்துகிற பெண். அப்படி ஆரம்பித்தால் எந்த அம்மாவுக்குத்தான் டென்ஷன் வராது? குழந்தை ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறாள், காய்ச்சல் இல்லை, இப்போது விளையாடுகிறாள் என்று ஹிந்தியில் சொன்னார். வாசலுக்குப் போய் வீடியோ கால் போட்டுப் பார்த்தேன். மகள் ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேமராவுக்கு மேலே எதையோ பார்த்தாள்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. பயாஸ் திரை அப்படியே இருந்தது. பயாஸை விட்டு வெளியே வந்து டெஸ்டை ஆரம்பித்தேன். சேவ் செய்துவிட்டு வெளியே வந்தேனா, வெறுமனே வந்தேனா என்று ஒரு கணம் தோன்றியது. கேஸ் ஞாபகம் வந்தது. எப்போதும் மூடித்தானே இருக்கிறது என்று என்னை நானே அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

நேரம் போதாததால் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறைதான் ஓட்ட முடிந்தது. ஷீட்டில் ஆறு கோர் இரண்டிலும் மேல் என்று வந்தது. கேமில் அடிமட்ட எஃப்.பி.எஸ். தெளிவாக அதிகம், பகல் வேலையிலும் ஒரு துளி முன்னால். பேச்சியம்மாள் அக்கா பதினொன்று ஐம்பதுக்கு ஆறு கோரையே ஆறு மெஷினுக்கும் ஆர்டர் சொன்னார். சப்ளையரிடமிருந்து பெட்டிகளும் உடனே வந்துவிட்டன.

"பொட்டி சீலெல்லாம் ராகு காலம் முடிஞ்சு ஒண்ணரைக்குப் பொறவுதான் ஒடைக்கணும்" என்று சந்தோஷிடம் சொன்னார் அக்கா. "மொதப் பொட்டிய நான்தான் தொறப்பேன். பூவும் குங்குமமும் வாங்கிட்டு வாரேன்." சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் போனார்.

புராசசர் பெட்டியின் சீல் கிழிந்தால் சப்ளையர் திருப்பி எடுக்க மாட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3. மூலையில் ஒரு எண்

பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சாப்பிட முடியவில்லை. பத்து கோர் பகல் வேலையில்கூடப் பின்தங்கியது என்னை உறுத்தியது. நாலு சின்னக் கோர் சும்மா இருந்ததா? ஸ்கிரீன்ஷாட்களைத் திறந்தேன். மேல் மூலையில் ரேம் வேகம் இருக்கும். ஆறு கோர் ஸ்கிரீன்ஷாட்டில் ஆறாயிரம். பத்து கோரில் நாலாயிரத்து எண்ணூறு.

சேவ் ஆகவில்லை. ஒன்றை முழு வேக ரேமோடும், மற்றதைக் குறைந்த வேக ரேமோடும் ஓட்டிவிட்டு, நான் புராசசர்களை ஒப்பிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அவருக்குக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை வித்தியாசம் வரும்?"

"தெரியாது சார். மறுபடியும் ஓட்டினாத்தான் தெரியும்."

"அந்தம்மா சந்தோஷமா பூ வாங்கப் போயிருக்கா. ஆறு கோரும் மோசமில்லையே. இப்போ போய்க் கொழப்பணுமா?"

"அவங்க ஷீட்டை நம்பித்தானே சார் சொன்னாங்க. ஷீட் தப்பு."

"மூணு வாரம்தான் ஆறது நீ வந்து" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பலவிதமாக யோசித்தேன். பிறகு மணியைப் பார்த்தார். "ஒண்ணரை வரைக்கும் சீல் உடைக்க மாட்டா. அது வரைக்கும் ஓட்டு. முடிஞ்சா சொல்லு. முடியலேன்னா அந்தம்மா கிட்ட நானே பேசறேன். நீ அழுதுண்டு நிக்காதே."

பயாஸைத் திறந்து, புரொஃபைலை ஆன் செய்து, சேவ் செய்தேன். விண்டோஸுக்குள் வந்து எண்ணைப் பார்த்தேன். ஆறாயிரம். போனை சந்தோஷிடம் கொடுத்தேன்.

"க்ரெஷ்லேருந்து வந்தா மட்டும் எடுங்க."

"வேற யாராவது வந்தா?"

"நான் ஊர்ல இல்லை."

"கிங்ஸ் சர்க்கிள்லயே இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார்.

இந்த முறை காட்சிக்கு நாலு ஓட்டம், குறைக்கவில்லை. பேச்சியம்மா டெஸ்ட் முடியும்போது ஒன்று இருபது. கேமில், அந்த கிராபிக்ஸ் கார்டோடு, இரண்டும் ஏறக்குறைய ஒன்று. விளையாடுகிற ஆளுக்குத் தெரியாத வித்தியாசம். பகல் வேலையில் பத்து கோர் தெளிவாக முன்னால். பி.டி.எஃப். சுருங்குகிற நேரத்தில் பிரௌசர் திணறவே இல்லை. ஆனால் சூடும் மின்சாரமும் ஆறு கோரில் குறைவு. அதாவது என் முதல் ஷீட்டின் முடிவில் பாதிக்கு மேல் தப்பு.

4. நீ எதுல உக்காருவ?

பேச்சியம்மாள் அக்கா மல்லிகைப் பொட்டலத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் எதிரே நின்று, போன் வந்ததிலிருந்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்பம் காலையில நீ சொன்னது பொய்யா?"

"பொய் இல்லக்கா. தப்பு."

"இப்பம் சொல்லுதது?"

"இது சரி. மூலையில் இருக்கிற எண்ணை இந்தத் தடவை பார்த்துட்டேன்."

அவர் இரண்டு ஷீட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். என் கடை உன் கடையா இருந்தா நீ எதுல உக்காருவ?"

இந்தக் கேள்வியை நான் முதல் நாளே அவரிடம் வேறுவிதமாகக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டேன். "பகல்ல ஃபாரம் வேலை எத்தனை மெஷின்ல நடக்கும்க்கா?"

"ரெண்டுதான். ரெண்டும் வாசல்ல, கவுண்டர்ல. மத்த நாலும் மேல, பத்ரா தகரக் கூரைக்கு அடியில. பகல்ல அங்க மனுசன் உக்கார முடியுமா? வெந்துருவான்லா. சாயங்காலம் ஃபேனப் போட்டுத்தான் தொறக்கணும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. எது நல்லது என்று இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கே வைப்பது என்று கேட்கவே இல்லை.

"கீழே ரெண்டும் பத்து கோர் போடுங்க. பகல் வேலை வேகமா நடக்கும், சாயங்காலம் கேமும் ஓடும். மேல நாலும் ஆறு கோர். தகரத்துக்கு அடியில சூடு குறைவா இருக்கிறதுதான் நல்லது."

விஸ்வநாதன் சார் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார். "ரெண்டு விதமான போர்டு. நாளைக்கு சர்வீஸுக்கு ரெண்டு விதமான ஸ்பேர் வைக்கணும். கேட்டேளா அம்மா, இது எனக்குத் தலைவலி."

"உமக்குத் தலைவலின்னா நான் தைலம் வாங்கித் தாரேன் சாமி" என்றார் அக்கா. "இந்தப் பிள்ள சொல்லுத மாதிரியே போடும்."

சீல் உடையாத இரண்டு ஆறு கோர் பெட்டிகள் சப்ளையருக்குத் திரும்பிப் போயின, பதிலுக்கு இரண்டு பத்து கோர் வரச் சொன்னோம். ஒன்று முப்பத்தைந்துக்கு அக்கா முதல் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, நகத்தால் சீலைக் கிழித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ராகு காலத்துல எந்தக் காரியமும் ஆவாதும்பாக. உனக்கு அதுலதான் ஆவுது போல" என்றார். சந்தோஷ் சிரித்ததில் ஸ்க்ரூ கீழே விழுந்தது.

அன்று மாலை சார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஷீட்டைக் கிழித்துப் போடப் போனேன். "வேண்டாம், ஃபைல்ல வை. அடுத்து வர்றவாளுக்குக் காட்டலாம்" என்றார். அது இன்னும் ஃபைலில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.

அதற்குப் பிறகு டெஸ்ட் பெஞ்சில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். நடுவில் போன் வந்தால், யார் கூப்பிட்டாலும், திரும்பி வந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரேம் வேகத்தைக் கண்ணால் பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். எந்த மெஷின் எங்கே உட்காரப்போகிறது என்பதற்கும் ஷீட்டின் மேலேயே ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் எதையும் ஒப்பிட ஆரம்பிக்காதீர்கள்.

காலையில் இப்போதும் பாதி படியில் நின்று, கேஸைப் பார்க்கத் திரும்பி ஏறுகிறேன். மூடித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இறங்கும்போது என்னை நானே திட்டிக்கொண்டு இறங்குவேன். இப்போது திட்டுவதில்லை. பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.