ஜீரோ வாட் வெளிச்சம்

ஆரோக்கியராஜ் கை வைத்தால் செத்த பல்பும் எரியும் என்று அந்த பனியன் கம்பெனியில் சொல்வார்கள். அவனும் அதை மறுத்ததில்லை. நாசரேத் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து எட்டு வருடம். எலக்ட்ரீஷியன் வேலை. துணிப் பின்னலில் ஒரு கண் விட்டுப்போயிருந்தாலும் காட்டிக்கொடுக்கிற மாதிரி செக்கிங் மேஜைக்கு டியூப்லைட் மாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பல்பைப் போடுமுன்பே சொல்லிவிடுவான். அந்தக் கர்வம்தான் அவனை ஒருநாள் தலைகுனிய வைத்தது.

இரண்டாயிரத்து ஆறில் குறும்படம் எடுக்கச் சென்னையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கேமராமேன் பேர் பிரதீப். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறையில் தனியாகச் சோறாக்குகிறாள், அதுதான் காட்சி. சினிமா லைட் ஒன்றுகூடக் கிடையாது, வீட்டில் என்ன விளக்கு எரிகிறதோ அது படத்திலும் தெரியவேண்டும், அதிலிருந்தே முகத்துக்கு வெளிச்சம் வந்ததாக இருக்கவேண்டும் என்றான் பிரதீப். இது என்ன கூத்து என்று முதலில் சிரித்த ஆரோக்கியராஜ், அரைமணி நேரத்தில் அந்தப் பைத்தியத்தில் தானும் விழுந்துவிட்டான். அறுபது வாட் பல்பைக் கழற்றி நூறு போட்டான். ஃபேன் ரெகுலேட்டரைப் பல்போடு சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினான். கேமராவுக்குத் தெரியாத சுவரில் வெள்ளை பனியன் துணியைக் குத்திவைத்தான். வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குப் பதமாகத் திரும்பியது. பிரதீப் அசந்துபோனான்.

அது கருத்தம்மா குடியிருந்த வீடு. கோவில்பட்டிக்காரி, அதே கம்பெனியில் செக்கிங் வேலை. கேட்டவன் ஆரோக்கியராஜ் என்பதால்தான் அவள் வீட்டைக் கொடுத்தாள். புருஷன் தவசி பல்லடம் ரோட்டில் லாரி மோதிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதைப் பெரிதாக்கி, லேமினேஷன் செய்து சுவரில் மாட்டி, பக்கத்தில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்டிருந்தாள். ராத்திரி பகல் எந்நேரமும் அது எரியும். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பாள்.

"தம்பி, என்ன வேணும்னாலும் கழத்திக்கோ, மாட்டிக்கோ. அந்த வெளக்கு மட்டும் அணையாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, லைன் வீட்டுக்காரம்மா சாமியாத்தாள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, மத்தியானத்தையே இரவாக்கினார்கள். முதல் டேக்கில் தவசியின் படமும் அந்தச் சிவப்பு வெளிச்சமும் அப்படியே விழுந்தன. பிரதீப்புக்குத் திருப்தியில்லை. இருட்டில் படம் புள்ளி புள்ளியாக அடிக்கிறது, இது உதவாது என்றான். இவ்வளவுதானே என்றான் ஆரோக்கியராஜ். நூறு வாட் பல்புக்குச் சிவப்புச் சாயம் பூசி, ஜீரோ வாட்டைக் கழற்றிய கையோடு அதை மாட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. அடுத்த டேக் பிரமாதம்.

சாப்பிடப் போகும்போது பிரதீப் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னான். ஆரோக்கியராஜ் எல்லாவற்றையும் அணைத்தான், அந்த ஒன்றைத் தவிர. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஆயிற்றே. பழைய பல்பைத் திரும்ப மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அது அவனுக்குத் தோன்றவில்லை, பாவி.

திரும்பி வந்தபோது வாசலிலேயே தீய்ந்த வாடை அடித்தது. நூறு வாட் சூட்டில் லேமினேஷன் உப்பிப் பொசுங்கியிருந்தது. முகம் இருந்த இடம் கருகிப்போயிருந்தது. சட்டைக் காலர் மட்டும் மிச்சம்.

கருத்தம்மா வந்து பார்த்தாள். ஏசவில்லை, அழவில்லை.

"அணைச்சிருக்கலாமே தம்பி" என்றாள். "நீ அணைச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

அதற்கு அவள் செருப்பால் அடித்திருக்கலாம். பிரதீப் மன்னிப்புக் கேட்டான்.

மறுநாளே போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடினான். கம்ப்யூட்டர் மாற்றி வருடம் ஒன்றாகிவிட்டது, பழையது எதுவும் இல்லை என்றார்கள். பெரிதாக்கக் கொடுத்த சின்னப் போட்டோவும் அவர்களிடமே தொலைந்திருந்தது. தவசியின் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டான். அங்கேயும் ஒன்றும் இல்லை. கருத்தம்மா வேலைக்கு வந்தாள், போனாள். செவ்வாய்க்கிழமை சாமியாத்தாள் அவனைத் தெருவில் நிறுத்தினாள்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள நேத்தும் வெறுஞ்செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருந்துச்சுங்க. ஊட்டுல அடுப்பே பத்தவைக்கலீங்க."

அங்கேயே நின்றபடி யோசித்தபோதுதான் உதவாது என்று தள்ளிய முதல் டேக் அவன் நினைவுக்கு வந்தது. டெலிபோன் பூத்திலிருந்து பிரதீப்புக்கு போன் போட்டான். டேப் இருக்கிறது, நாளைக்கு வேறு வேலைக்கு அதன்மேலேயே எடுக்கப் போகிறோம் என்றான் பிரதீப். தொடவே தொடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு, லீவுகூடச் சொல்லாமல் சாயங்காலம் ரயில் ஏறினான்.

சென்னையில் அந்த டேக்கிலிருந்து ஒரு படத்தைப் பிரித்தெடுத்துப் பிரிண்ட் போட்டார்கள். ஒரே சிவப்பு. புள்ளி புள்ளியாக, பாதி முகம் நிழலில். வெளிச்சத்தில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவன் கொண்டுபோய்க் கொடுக்கிற படமா இது? இருந்தாலும் கொண்டுவந்தான். வாசலில் நின்று, நல்லா வரலக்கா என்று சொல்லி நீட்டினான்.

கருத்தம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

"அந்தக் கருகின படத்துல இருந்தது ஸ்டுடியோக்காரன் வெள்ளையடிச்ச மூஞ்சி, தம்பி. பகல்ல நான் வீட்ல எங்க இருந்தேன் அதப் பாக்க? வேலை முடிஞ்சு வந்து, படுத்துக்கிட்டு, இந்தச் செவப்புலதான் பாப்பேன். எங்கூட இருந்தது இந்த மொகந்தான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரித் தட்டிலிருந்து அந்த ஜீரோ வாட் பல்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் படத்தை அதே ஆணியில் மாட்டினான். பல்பைப் படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மாட்டினான்.

சுவிட்சை அவளே போட்டாள்.