பெரியப்பா பார்த்த பார்டர்

மாலை நான்கே காலுக்குத் தபால்காரர் நீட்டிய உறையில் நான் முதலில் பார்த்தது, மூலையில் நீல மையில் அச்சாகியிருந்த ஒரு பனிமலையை. ஆரணியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா மலர், இமயமலையில் நாட்டின் எல்லையை ஒட்டிப் பத்து நாள் நடக்கும் மலையேற்ற முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா எதற்கும் பெரியப்பாவைக் கேட்பார். செருப்பு வாங்குவதென்றாலும் கேட்பார். பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த பெரியப்பா ஒரே ஒரு முறை கோயில் சுற்றுலா பஸ்ஸில் வடக்கே போனவர். வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து எடுத்த புகைப்படத்தைக் கடையில் சாமி படங்களுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தார். அந்த ஒரு படத்தால் எங்கள் தெருவில் மலையைப் பற்றி அவர் சொன்னதே முடிவு என்றாகிவிட்டது.

எங்கள் ஊரில் "பார்டர்" என்றால் புடவைக் கரை. பெரியப்பாவுக்கு நாட்டின் எல்லையும் அதேதான். படிவத்தோடு நாங்கள் மூவரும் கடைக்குப் போனபோது அவர் சொன்னார்:

"பாத்துகினு வந்தவன் சொல்றேன். மலை உச்சியில பார்டர் ஓடுது, ரெண்டு விரக்கடை அகலம், மஞ்ச பெயின்ட். வெயில் பட்டா சரிகை மாதிரி மின்னும். அந்தாண்ட அவன் துப்பாக்கி வெச்சிகினு நிப்பான். கால் தவறித் தாண்டினா சுட்டுடுவான். பொண்ணு போற எடமா அது?"

"பனி விழுந்தா பெயின்ட் மறைஞ்சிடாதா பெரியப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"வாயைப் பாரு. பார்டர் பாக்கணும்னா தறியாண்ட போய் நில்லும்மா, போதும் போதும்னு பாக்கலாம்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "பெரியப்பா சொன்னா சரியாதான் இருக்கும், விடு" என்றார். சேவூர்ப் பள்ளியில் புவியியல் நடத்தியவர் அப்பா. வரைபடத்தில் இருக்கும் கோடு தரையில் இருக்காது என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இருவரில் மட்டமானவர் யார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

சென்ற ஆண்டு அந்தப் பாதையில் நான் நடந்தேன். நான்காம் நாள் வழிகாட்டி ஒரு முகட்டைக் காட்டி, அதற்கு அப்பால் வேறு நாடு என்றார். கல்லும் பனியும் இருந்தன. கோடும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

பெரியப்பாவும் அப்பாவும் இப்போது இல்லை. புடவைக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. கோவேறு கழுதைப் படம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. படிவம் மட்டும் அக்காவின் பீரோவில் இருக்கிறது. அதில் தகப்பனார் கையொப்பம் என்ற இடம் காலியாக இருக்கிறது.